வெனிஸில் பஹ்ரைனின் நிழற்கூரை

ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியான பினாலேயில், 2025ஆம் ஆண்டு சிறந்த தேசிய அரங்குக்கான தங்கச் சிங்க விருதைப் பெற்ற பஹ்ரைனின் ‘ஹீட்வேவ்’ அரங்கில் கண்ணைக் கவரும் பொருள்கள் அதிகமில்லை. பழைய கப்பல் கட்டும் தளமான ஆர்சனாலே வளாகத்தின் கூடமொன்றில் உயர்த்தப்பட்ட ஒரு தளம், அதற்கு மேல் தொங்கும் கூரை, இரண்டையும் இணைக்கும் ஒற்றைத் தூண் ஆகியவையே காட்சி. கட்டடக்கலைஞர் ஆந்த்ரேயா ஃபராகுனா, கடும் வெயிலில் உழைக்கும் கட்டுமானத் தொழிலாளர்களையும் மனத்தில் வைத்தே இதை உருவாக்கினார். கோடையின் நண்பகல் நேரத்தில் வெளிப்புற வேலையைச் சட்டமே தடைசெய்யும் ஒரு நாட்டுக்கு இது அலங்காரச் சிந்தனை அன்று.

நிலத்தடிக் கிணற்றின் குளிர்ச்சியையும் வெயிலில் சூடாகும் காற்றை மேலே வெளியேற்றும் சூரியப் புகைபோக்கியின் இழுவிசையையும் இணைத்துக் காற்றைக் குளிர்விப்பதே மூலத் திட்டம். ஆனால் வெனிஸில் நிலத்தைத் தோண்ட முடியாததால் இயந்திரக் காற்றோட்டமே அதன் இடத்தை நிரப்பியது. ஆகவே பார்வையாளர் உணர்ந்தது விளைவின் சாயலை மட்டுமே. தத்துவத்தை விளக்கங்களின் வழியேதான் நம்ப வேண்டியிருந்தது. என் பார்வையில் இது சிறு குறையன்று.

இத்தீவு நாடு தன் முதல் பங்கேற்பிலேயே, 2010இல், இதே விருதை வென்றது. ‘ரிக்ளெய்ம்’ என்ற அக்காட்சிக்காகக் கடற்கரையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட மீனவர் குடில்கள், கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் மக்கள் இழந்த கரையை நேரடியாகவே உணர்த்தின. ‘ஹீட்வேவ்’ அதைவிடப் பயனுள்ளது; ஆயினும் அந்த அளவுக்கு மனத்தைத் தொடவில்லை.