டெல்டா, யுனைடெட், அமெரிக்கன், சவுத்வெஸ்ட்: பைலட் காண்ட்ராக்ட்ல உண்மையிலேயே யாரு கை ஓங்கியிருக்கு?

அமெரிக்கால பைலட் சம்பளம்னு பேச்சு எடுத்தாலே உடனே ஒரு டேபிள் வந்துடும், இந்த ஏர்லைன்ல 12 வருஷ கேப்டனுக்கு மணிக்கு இவ்ளோ, அந்த ஏர்லைன்ல இவ்ளோ, அப்போ இவங்க ஜெயிச்சாங்க அவங்க தோத்தாங்கனு முடிச்சிடுவாங்க. எனக்கு அதுல உடன்பாடே இல்ல. 2023 மார்ச்சுலேருந்து 2024 ஜனவரிக்குள்ள நாலு பெரிய ஏர்லைனும் பைலட் யூனியன்களோட வரிசையா புது காண்ட்ராக்ட் போட்டுட்டாங்க, அதுக்கப்புறம் மணி ரேட் எல்லாருக்கும் கிட்டத்தட்ட பக்கத்துல பக்கத்துல வந்துடுச்சு, நிஜமான வித்தியாசம் எல்லாம் அந்த டேபிளுக்கு வெளியில தான் இருக்கு.

முதல்ல எல்லாரும் சொல்ற நம்பர்களைப் பாத்துடலாம். டெல்டா தான் ஆரம்பிச்சு வச்சாங்க, 2023 மார்ச் 1ல ஓட்டு போட்ட பைலட்டுங்கள்ல 78% பேர் ஓகே பண்ணாங்க, கையெழுத்து போட்ட அன்னைக்கே 18%, அப்புறம் 5, 4, 4, ஒண்ணு மேல ஒண்ணா ஏறி மொத்தமா 34%. அடுத்து ஆகஸ்ட்ல அமெரிக்கன், எடுத்த உடனே 21%. செப்டம்பர்ல யுனைடெட், ஓட்டுற விமானத்தைப் பொறுத்து உடனடியா 13.8லேருந்து 18.7% வரைக்கும், நாலு வருஷத்துல 40% வரைக்கும் போகும். கடைசியா 2024 ஜனவரில சவுத்வெஸ்ட், எடுத்த எடுப்புலயே 29.15%, அஞ்சு வருஷத்துல 50%, ஓட்டு போட்டவங்கள்ல 93% பேர் சரின்னாங்க.

இதைப் பாத்துட்டு சவுத்வெஸ்ட் தான் டாப்னு சொல்றவங்க நிறைய பேர். ஆனா சதவீதம்ங்கறது எங்கேருந்து கெளம்புறோம்ங்கறதைப் பொறுத்தது இல்லையா? சவுத்வெஸ்ட் காண்ட்ராக்ட் 2020லயே பேசவேண்டிய கெடு வந்து, மத்த மூணு பேரும் கையெழுத்து போட்டு முடிக்கிற வரைக்கும் இழுத்துட்டு போனது, அதனால அவங்க பின்னாடி நின்ன தூரத்தையும் சேத்து ஒரே தாவுல தாவ வேண்டியிருந்துச்சு. தவிர அது அஞ்சு வருஷ கணக்கு, மத்ததெல்லாம் நாலு வருஷம். 34ஐயும் 50ஐயும் பக்கத்துல வச்சு பாக்கறதே தப்பு.

இவங்க ஏன் இவ்ளோ முரண்டு பிடிச்சாங்கன்னு புரியணும்னா 2001க்கு அப்புறம் நடந்ததைப் பாக்கணும். யுனைடெட் 2002ல திவால், டெல்டா 2005ல, அமெரிக்கன் 2011ல. டெல்டா பைலட்டுங்க 2004ல 32.5% சம்பளத்தை விட்டுக் கொடுத்தாங்க, 2006ல இன்னொரு 14%, பென்ஷனும் போச்சு. யுனைடெட் பைலட்டுங்க பென்ஷனும் அதே மாதிரி கைவிட்டுப் போச்சு. ஹட்சன் ஆத்துல விமானத்தை இறக்கின கேப்டன் சல்லன்பெர்கரே 2009ல அமெரிக்க நாடாளுமன்றத்துல போய், என் சம்பளத்துல 40% வெட்டிட்டாங்க, பென்ஷனும் போயிடுச்சுனு சொன்னார். அந்தத் தலைமுறை இன்னும் காக்பிட்ல தான் இருக்கு. அதனால ‘இவ்ளோ சம்பளம் வாங்கிட்டு இன்னும் கேக்கறாங்களே’னு யாராவது சொன்னா எனக்கு கோவம் தான் வருது, அவங்க கேட்டதுல ஒரு பகுதி பழைய பாக்கி.

2020ல கோவிட் நேரத்துல கம்பெனிகளே பணம் கொடுத்து ஆயிரக்கணக்கான சீனியர் பைலட்டுங்களை முன்கூட்டியே ரிட்டயர் பண்ண வச்சாங்க. ரெண்டே வருஷத்துல பயணிகள் திரும்பி வந்ததும் ஆள் பத்தல, ஏர்லைன்ல சேரணும்னா 1500 மணி நேரம் பறந்திருக்கணும்ங்கற ரூல் வேற இருக்கறதால உடனே ஆள் எடுக்கவும் முடியல. பேரம் பேசற பலம் அப்படி தான் யூனியன் பக்கம் வந்துச்சு. யுனைடெட் பைலட்டுங்க 2022 நவம்பர்ல வந்த முதல் ஒப்பந்தத்தை 94% ஓட்டுல தூக்கிப் போட்டாங்க, அதுல இருந்தது 14.5% தான். நாலே மாசத்துல டெல்டா 34% வாங்கிட்டாங்க, அதுக்கப்புறம் யுனைடெட் மேனேஜ்மெண்ட் என்ன பண்ண முடியும்?

சங்கிலி மாதிரி தான் போச்சு. டெல்டா காண்ட்ராக்ட்ல ஒரு கண்டிஷன் இருந்துச்சு, யுனைடெட்டோ அமெரிக்கனோ மேல போனா டெல்டா ரேட் அதைவிட 1% கூட இருக்கணும்னு. அமெரிக்கன் ஆளுங்க மே மாசமே ஒரு டீல் முடிச்சு வச்சிருந்தாங்க, ஜூலைல யுனைடெட் டீல் வெளிய வந்ததும், அப்போ எங்களுக்கு இது பத்தாதேன்னு திரும்பவும் உக்காந்து நூறு கோடி டாலருக்கு மேல கூட வாங்கினாங்க, மொத்த மதிப்பு 960 கோடி டாலர்னு சொன்னாங்க. ஆக ரேட் விஷயத்துல ஒருத்தர் ரொம்ப நாள் தனியா முன்னாடி நிக்கவே முடியாது.

இந்த ஒப்பீட்டுல நிறைய பேர் மறக்கற ஒண்ணு சீனியாரிட்டி. டெல்டால 15 வருஷம் கேப்டனா இருந்தவர் நாளைக்கு யுனைடெட்ல சேந்தா அங்க கடைசி ஆள், முதல் வருஷ ஃபர்ஸ்ட் ஆஃபீசர் (கோ-பைலட்) சம்பளம், யாருக்கும் வேண்டாத ஷெட்யூல். மத்த வேலை மாதிரி ஆஃபர் லெட்டரைக் காட்டி மாறிக்க முடியாது. வேலைல இருக்கறவங்களுக்கு பக்கத்து ஏர்லைன் ரேட்ங்கறது பேரம் பேசறதுக்கு ஒரு ஆயுதம், அவ்ளோதான்.

இப்போ எனக்கு முக்கியமா படற விஷயத்துக்கு வரேன், ஒர்க் ரூல்ஸ். பைலட்டுக்கு வீட்டை விட்டு கெளம்பின நேரத்துலேருந்து சம்பளம் கிடையாது, விமானம் கேட்டை விட்டு நகர்றதுலேருந்து அடுத்த கேட்ல நிக்கிற வரைக்கும் தான் அடிப்படைக் கணக்கு. நடுவுல ஏர்போர்ட்ல நாலு மணி நேரம் உக்காந்திருக்கறது, ஓட்டல்ல ராத்திரி தங்கறது எல்லாம் தினப்படி தவிர வேற காசு இல்ல. இதை ஈடுகட்ட தான் ரிக்னு ஒண்ணு இருக்கு, ஒரு நாள் வேலைக்குக் கூப்பிட்டா நீ எவ்ளோ கம்மியா பறந்தாலும் குறைஞ்சது இத்தனை மணி நேர கிரெடிட் தரணும்னு. டெல்டால அது சராசரியா ஒரு நாளைக்கு 5 மணி 15 நிமிஷம். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க: நாலு நாள் ட்ரிப், உண்மையில பறந்தது 14 மணி நேரம், ரேட் மணிக்கு 350 டாலர்னு வச்சுக்குவோம். ரிக் இல்லன்னா 4,900 டாலர். நாளுக்கு 5:15 ரிக் இருந்தா 21 மணி நேரத்துக்கு 7,350 டாலர். ரிக் இல்லாம ரேட்டை மட்டும் 2% ஏத்தினா 4,998 தான் வருது. எந்த யூனியன் எதை வாங்கியிருக்குன்னு இங்க பாக்காம 357க்கும் 350க்கும் சண்டை போடறது வேஸ்ட்.

சவுத்வெஸ்ட்டை இந்த டேபிள்ல சேக்கும்போது இன்னொரு குழப்பமும் இருக்கு. அங்க மணிக்கு சம்பளம் இல்ல, ‘ட்ரிப் ஃபார் பே’ன்னு தூரத்தை வச்சு ஒரு யூனிட், அது ஒரு மணி நேரத்தைவிட கொஞ்சம் கம்மி. அந்த ரேட்டை அப்படியே எடுத்து டெல்டா மணி ரேட் பக்கத்துல எழுதினா சவுத்வெஸ்ட் பாவம் மாதிரி தெரியும், ஆனா அது உண்மை இல்ல. அங்க 737 மட்டும் தான், வைட்பாடிக்கு, அதாவது நடுவுல ரெண்டு நடைபாதை இருக்கற பெரிய விமானத்துக்கு, மாறி பெரிய ரேட்டுக்குப் போற வழி கிடையாது, அதே சமயம் ஒரே ஃப்ளீட்ங்கறதால வாழ்க்கை ரொம்ப சிம்பிள், பைலட்டுங்களை ஃபர்லோ பண்ணாத, அதாவது வேலை இல்லன்னு தற்காலிகமா வீட்டுக்கு அனுப்பாத, கம்பெனிங்கற பேரும் இருக்கு.

அடுத்து ப்ராஃபிட் ஷேரிங், டெல்டா உண்மையா முன்னாடி நிக்கிற இடம் இதான். வரிக்கு முந்தின லாபத்துல முதல் 250 கோடி டாலருக்கு 10%, அதுக்கு மேல போற லாபத்துல 20% ஊழியர்களுக்கு. 2024 லாபத்துக்கு 2025 பிப்ரவரில 140 கோடி டாலர் பிரிச்சுக் கொடுத்தாங்க, ஒவ்வொருத்தர் வருஷ சம்பளத்துல கிட்டத்தட்ட 10%. வருஷம் 4 லட்சம் டாலர் வாங்கற கேப்டனுக்கு அது 40,000 டாலர், 1% ரேட் வித்தியாசம்னா 4,000 தான். இதே 2024ல டெல்டா நிகர லாபம் 350 கோடிக்கு பக்கத்துல, யுனைடெட் 310 கோடிக்கு மேல, அமெரிக்கன் 85 கோடிக்கும் கம்மி. இப்போ சொல்லுங்க, ரேட் டேபிள்ல அமெரிக்கனும் டெல்டாவும் சமமா இருந்தா என்ன, கம்பெனி லாபம் பண்ணலன்னா பங்கு எங்கேருந்து வரும்? அமெரிக்கன் பைலட்டுங்க நல்லா தான் பேசினாங்க, டாப்ல இருக்கற வைட்பாடி கேப்டனுக்கு காண்ட்ராக்ட் முடிவுல ரிட்டயர்மெண்ட் பணத்தோட சேத்து 5,90,000 டாலர் வரைக்கும் போகும்னு கம்பெனியே சொன்னது. ஆனா 2020ல 767, ஏ330 எல்லாத்தையும் ஒரேயடியா ஓரங்கட்டினதுல வைட்பாடி பைலட் சீட்டே குறைஞ்சு போச்சு, அந்த ரேட்டைத் தொடற வாய்ப்பு எத்தனை பேருக்கு வரும்?

யுனைடெட் இதுல நேர் எதிர். 2022 டிசம்பர்ல 100 போயிங் 787 ஆர்டர் பண்ணாங்க, விமானம் வரவர புது சீட் வரும், சீட் வந்தா சீனியாரிட்டி லிஸ்ட்ல எல்லாரும் மேல நகருவாங்க. புதுசா சேர்றவங்களுக்கு இந்த நகர்வு தான் மணி ரேட்டைவிட பெரிய காசு, ஃபர்ஸ்ட் ஆஃபீசர்லேருந்து கேப்டன் ஆகற அந்த ஒரு தாவல்ல ரேட் எகிறும். ஆனா அங்கயும் ஒரு சிக்கல் இருந்துச்சு. 2023ல கேப்டன் வேகன்சி போட்டா கிட்டத்தட்ட பாதிக்கு ஆளே வரலைனு செய்தி வந்துச்சு, காரணம் காசு இல்ல, ஜூனியர் கேப்டன் ஆனா ரிசர்வ்ல, அதாவது எப்போ கூப்பிட்டாலும் கெளம்பத் தயாரா, உக்காரணும், லீவு நாள்லயும் கூப்பிட்டு கட்டாயமா அனுப்புவாங்க, குழந்தைங்களோட இருக்க முடியாது. இவ்ளோ சம்பள உயர்வைக் கண்ணு முன்னாடி வச்சுக்கிட்டே வேண்டாம்னு சொன்னாங்க பாருங்க, அதை எல்லா யூனியன் ஆளுங்களும் நல்லா யோசிக்கணும்.

நம்ம ஊர்க்காரங்க பசங்க அமெரிக்கால, கனடால நிறைய பேர் இப்போ ஃப்ளையிங் படிக்கறாங்க, எந்த ஏர்லைன் நல்லதுன்னு கேக்கறாங்க, அதனால என் வரிசையை நேராவே சொல்லிடறேன். முதல்ல வீடு எங்கன்னு பாருங்க, டல்லாஸ்ல குடும்பம் இருந்தா அமெரிக்கனோ சவுத்வெஸ்ட்டோ, அட்லாண்டால இருந்தா டெல்டா, ஏன்னா வேறொரு ஊர்ல இருக்கற பேஸுக்கு (ட்ரிப் ஆரம்பிக்கற ஏர்போர்ட்) கம்யூட் பண்ற நேரத்துக்கு யாரும் பத்து பைசா தரமாட்டாங்க. ஊர் பிரச்சனை இல்லன்னா 25 வயசுக்காரருக்கு நான் யுனைடெட் சொல்லுவேன், நகர்வுக்காக. 40 தாண்டி சேர்றவருக்கு டெல்டா, ப்ராஃபிட் ஷேரிங் மொத வருஷத்துலேருந்தே கைல வரும், கம்பெனி நேரடியா போடற ரிட்டயர்மெண்ட் பணமும் 2026ல சம்பளத்துல 18%. அமெரிக்கனை நான் நாலாவதா தான் வைப்பேன்.

கனடால ஏர் கனடா பைலட்டுங்க 2024ல பேசினப்போ யுனைடெட், டெல்டா ரேட்டைக் காட்டி தான் பேசினாங்க, நாலு வருஷத்துக்கு கிட்டத்தட்ட 42% வாங்கினாங்க, அதுல முதல் தவணையே 26%. ஆனா ஓட்டு 67% தான் ஆதரவு. ஏன்னா அங்க புதுசா சேர்றவங்களுக்கு முதல் நாலு வருஷம் எந்த விமானம் ஓட்டினாலும் ஒரே கம்மியான ஃபிக்ஸட் சம்பளம், அதை ரெண்டு வருஷமா குறைச்சாங்களே தவிர முழுசா எடுக்கல. அந்த எதிர்ப்பு ஓட்டு எனக்கு நியாயமா தான் படுது, பெரிய விமானத்துல பெரியவங்களோட சமமா பொறுப்பு எடுக்கற ஜூனியருக்கு ரெண்டு வருஷம் அந்த சம்பளம் எதுக்கு? திரும்ப அமெரிக்காவுக்கு வந்தா, டெல்டா காண்ட்ராக்ட்டுக்கு அடுத்த கெடு 2026 டிசம்பர் 31, அமெரிக்கனுக்கும் யுனைடெட்டுக்கும் 2027. ரயில்வே லேபர் ஆக்ட்ங்கற 1926 சட்டம் தான் இந்த அமெரிக்க ஏர்லைன்களுக்கும், அதுல காண்ட்ராக்ட் காலாவதியே ஆகாது, புதுசு வர்ற வரைக்கும் பழசு ஓடிக்கிட்டே இருக்கும், மத்தியஸ்த போர்டு விட்டாத்தான் ஸ்ட்ரைக் பக்கமே போக முடியும். அதனால அடுத்த டீல் எப்போ வரும்னு யாரும் தேதி சொல்ல முடியாது, வரும்போது மொத பக்கத்துல இருக்கற சதவீதத்தோட நிறுத்திடாம ரிசர்வ், ரிக், புதுசா சேர்றவங்க சம்பளம் இருக்கற பக்கங்களைத் தேடி எடுத்துப் படிங்க.