மழைமானியோடு எட்டு வருடம்: கேத்தியிலிருந்து ஓர் அனுபவம்

எங்கள் வீட்டில் காலையில் கதவைத் திறப்பதற்கு முன் ஒரு எண் சொல்ல வேண்டும். ராத்திரி எத்தனை மில்லிமீட்டர் பெய்திருக்கும் என்று என் மனைவி ஒன்று சொல்வாள், நான் ஒன்று சொல்வேன், இரண்டையும் தினசரிக் காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதிய பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைப்போம். 8.30-க்கு மழைமானியைப் பார்ப்போம், யாருடைய எண் தூரமோ அவர் டீ போட வேண்டும். இருவரும் ஒரு மில்லிக்குள் வந்துவிட்டால் அன்றைக்குக் கடையில் வர்க்கி பிஸ்கட். 2016 ஜூனில் வாங்கிய மழைமானி, எட்டு வருடம் தாண்டிவிட்டது, வாங்கலாமா என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆரம்பித்தது சண்டையில்தான். எனக்கு ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம், மழை வந்தால் தெருவே வாசலில் வந்து நிற்கும். கல்யாணமாகி 2015 அக்டோபரில் நீலகிரியில் இருக்கும் இந்தக் கேத்திக்கு வந்த புதிதில் தகரக் கூரையில் மழை விழுந்த சத்தத்தில் ராத்திரி முழுக்கத் தூங்கவே இல்லை. காலையில் "என்னா மழை, கனமழை" என்றேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே "இதெல்லாம் தூறலுங்க" என்றாள். நான் விடவில்லை, பின்பக்கம் கிடந்த வாளியைக் கொண்டுவந்து காட்டினேன், வாய் அகலமாக அடி குறுகலாக இருக்கிற வாளியில் அளந்தால் கணக்கு தப்பு என்று அவள் சொன்னதும் சரிதான். மறுநாள் ராத்திரி நேர்ப்பக்கம் உள்ள எவர்சில்வர் சம்படம் ஒன்றை வெட்டவெளியில் வைத்து, காலையில் பள்ளிக்கூட ஸ்கேலை விட்டுப் பார்த்தோம். 22 மில்லிமீட்டர். வானிலைத் துறைக் கணக்கில் 15.6 முதல் 64.4 வரை மிதமான மழை, 64.5-லிருந்துதான் கனமழை. அவள் சொன்ன தூறலும் இல்லை, நான் சொன்ன கனமழையும் இல்லை. அன்றைக்கு டீயை இருவரும் சேர்ந்து போட்டோம்.

சம்படம் ஏழெட்டு மாதம் ஓடியது. இரண்டு மில்லி, மூன்று மில்லி மழையெல்லாம் ஸ்கேலில் சரியாகத் தெரியாது என்பதால் மழைமானி வாங்கினோம். எங்களுடையது கையால் பார்க்கிற வகை, மின்சாரம், பேட்டரி எதுவும் கிடையாது. மேலே புனல், உள்ளே ஒல்லியான குழாய், வெளியே பெரிய உருளை. புனல் வாயின் பரப்பு குழாயைவிடப் பத்து மடங்கு, அதனால் ஒரு மில்லி மழை குழாயில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும், கண்ணாடி போடாமலே படிக்கலாம். குழாய் 25 மில்லியில் நிறைந்துவிடும், அதற்கு மேல் வழிவது உருளையில் சேரும், மொத்தம் சுமார் 28 செ.மீ. வரை பிடிக்கும். வானிலைத் துறையும் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரைதான் ஒரு நாளாக எடுப்பதால் எங்கள் நேரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டோம். பகல் மழையைச் சாயங்காலமே அளந்து எழுதிவிட்டு, காலைக் கணக்கோடு கூட்டிவிடுவோம்.

வைக்கிற இடம்தான் முக்கியம். முதல் மாதம் கூரை ஓரத்தில் வைத்து, தெறிக்கிற தண்ணீரையெல்லாம் மழையாக எழுதிவிட்டோம், அந்த மாதக் கணக்கை அப்புறம் முழுதாக அடித்துவிட்டோம். சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். சில்வர் ஓக் இலை புனலை அடைக்கும், வாரம் ஒரு தடவை கழுவ வேண்டும். காட்டெருமை ஒன்று வேலியைத் தாண்டி வந்து கம்பத்தில் முதுகைச் சொறிந்துவிட்டுப் போனது, கம்பம் சாய்ந்தது, மானிக்கு ஒன்றும் ஆகவில்லை.

குறை என்று சொன்னால் பனிதான். 2019 ஜனவரியில் முந்தின நாள் தண்ணீரைக் கொட்ட மறந்துவிட்டோம், விடிகாலை உறைபனியில் உள்குழாய் நெடுக்காக வெடித்துவிட்டது. விற்ற கடையில் குழாயை மட்டும் தர முடியாது, முழு செட்டாக வாங்குங்கள் என்றார்கள். வருத்தமாகத்தான் இருந்தது, ஆனாலும் வாங்கினோம். டிசம்பர் பிறந்தால் இப்போது தினமும் சாயங்காலம் குழாயை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுகிறோம்.

அவளுக்கு எந்த மழையும் தூறலாகத் தெரிவது ஏன் என்று எனக்குப் புரியவே ஒரு வருடம் ஆனது. 2009 நவம்பர் 10, கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. நீலகிரி முழுக்க மண்சரிவு, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோன மழை அது. அவள் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள், மேல்வீட்டுக்காரர்களோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தார்களாம், கேரட் காட்டில் பாதி கீழே இறங்கிவிட்டது. மானி வாங்கிய அன்றைக்கு அவள் கேட்ட முதல் கேள்வியே, "அந்த மழை வந்தா இது எத்தனை தடவ நிறையும்?" கணக்குப் போட்டேன், மூன்று தடவை.

அதனால் வடகிழக்குப் பருவமழையில், பலமாகப் பிடித்துக்கொண்டால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டார்ச்சோடு போய் அளந்து கொட்டிவிட்டு வருவோம். அந்த ராத்திரிகளில் பந்தயம் கிடையாது. நான் எண்ணைச் சத்தமாகச் சொல்வேன், அவள் நோட்டில் எழுதுவாள், ஐம்பதுக்குள் இருந்தால் படுத்துவிடுவாள். தாண்டினால் இருவரும் உட்கார்ந்திருப்போம். 2019 ஆகஸ்டில் இதே நீலகிரியில் உள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது, தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குப் பக்கத்தில்தான் கொட்டும், எங்களுக்கு அதில் சிறு பங்குதான் வந்தது. அன்றைக்கும் அவள் தூங்கவில்லை.

மாமனாரும் இதில் சேர்ந்துவிட்டார். காலை 8.40-க்கு போன் வரும், "மாப்ள, எத்தன மில்லி?" பத்துக்கு மேல் சொன்னால் காட்டுக்குத் தண்ணீர் விட மாட்டார், ஐந்துக்குக் கீழே என்றால் மோட்டார் போடக் கிளம்பிவிடுவார்.

பணம் கொடுத்தது இரண்டு தடவை என்றாலும் எனக்கு முழுத் திருப்தி. உறைபனி விழுகிற இடத்தில் இருந்தால் உள்குழாயைக் கழற்ற முடிகிற மாதிரி பார்த்து வாங்குங்கள். டிஜிட்டல் மானி வேண்டுமா என்று தம்பி கேட்டான், கதவைத் திறக்காமலே எண் தெரிந்துவிடும் என்பதால் வேண்டாம் என்றுவிட்டோம்.

இன்று காலை அவள் 12 என்றாள், நான் 20. குழாயில் 13.4. டீ கொதிக்கிறது, போய் இறக்க வேண்டும்.