சத்யம் சினிமாஸ்: ராயப்பேட்டையில் தொடங்கிய திரையரங்குக் குழுமம், ஒரு மதிப்பீடு

சென்னையில் புதுப்படம் வெளியாகும்போது எந்தத் தியேட்டருக்குப் போகலாம் என்று கேட்டால், ஒரு தலைமுறையினர் யோசிக்காமல் சொன்ன பெயர் சத்யம். ராயப்பேட்டை திரு.வி.க. சாலையில் 1974இல் திறக்கப்பட்ட அந்த வளாகம், சத்யம், சாந்தம், சுபம் என்ற மூன்று அரங்குகளால் அறியப்பட்டு, பின்னர் ஆறு அரங்குகளாக விரிந்தது. அதே காலத்தில் சென்னையில் புகழோடு இருந்த பல தியேட்டர்கள் கல்யாண மண்டபங்களாகவும் வணிக வளாகங்களாகவும் மாறிவிட்ட நிலையில், இது மட்டும் ஒரு குழுமத்தின் தாய்வீடாக வளர்ந்ததற்குக் காரணம் தேடினால், வழக்கமாகச் சொல்லப்படும் சொகுசு இருக்கையும் ஒலி நேர்த்தியும் பாதி விடைதான். மீதி விடை டிக்கெட் விலையில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017 வரை சென்னையின் மல்டிபிளெக்ஸ்களில் அது 120 ரூபாய். முன்வரிசை இருக்கைகளில் ஒரு பகுதியை 10 ரூபாய்க்கும் விற்கவேண்டியிருந்தது. மும்பையிலும் தில்லியிலும் பெரிய படத்தின் முதல் வார இறுதியில் டிக்கெட் விலையை ஏற்றி லாபம் பார்க்க முடிந்தபோது, இங்கே அந்த வழி அடைபட்டிருந்தது. எனவே வருமானத்தைப் பெருக்க இரண்டே வழிகள் எஞ்சின: எந்தப் படமானாலும் அரங்கை நிறைப்பது, வந்தவரை இடைவேளையில் கேன்டீனுக்கு இழுப்பது. கிரண் ரெட்டியின் தலைமையில் எஸ்.பி.ஐ. சினிமாஸ் என்ற பெயரில் விரிந்த நிறுவனம் இந்த இரண்டையும் மிகுந்த அக்கறையோடு செய்தது என்பதே என் கணிப்பு. சத்யம் பாப்கார்னின் புகழ் தற்செயலாக வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வெண்ணெய் மணக்கும் பாப்கார்னை வாங்கி, மேசையில் வைத்திருக்கும் சீஸ், பார்பெக்யூ போன்ற பொடிகளை அவரவர் விருப்பப்படி தூவிக்கொள்ளும் ஏற்பாடு, படம் பார்க்க வராதவர்களும் பேசும் ஒன்றாக மாறியது. வளாகத்துக்குள்ளேயே இட்லி, தோசைக்கென்று உணவகம் வைத்ததும் இதே கணக்கின் தொடர்ச்சிதான்.

தொழில்நுட்பத்திலும் அவர்கள் பின்தங்கியதில்லை. டால்பி அட்மாஸ் ஒலியமைப்பை 2012இலேயே சத்யம் வளாகத்துக்குள் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் அதை முதலில் நிறுவிய இடங்களுள் அதுவும் ஒன்று.

விரிவாக்கத்தில் பாராட்டத்தக்கது, ஒரே அச்சில் எல்லாவற்றையும் வார்க்காமல் இருந்ததுதான். 2010இல், இந்தியன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் பழைய மனையில் எழுந்த எக்ஸ்பிரஸ் அவென்யூவுக்குள் எட்டு திரைகளோடு எஸ்கேப் வந்தது. அங்கே அரங்குகளுக்கு எண் கிடையாது. ஸ்ட்ரீக், பிளஷ், கைட்ஸ், வீவ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். டிக்கெட்டைப் பார்த்துவிட்டு 'கைட்ஸ் எந்தப் பக்கம்?' என்று விசாரிக்கும் பெரியவர்களுக்கு அது சற்றுக் குழப்பம்தான் என்றாலும், அந்தப் பெயர்களால்தான் அரங்குகள் நினைவில் தங்கின. வடசென்னையில் பெரம்பூருக்கு எஸ்2 என்ற வளாகம் வந்தது. நல்ல தியேட்டர் என்றால் அண்ணா சாலைக்கோ ராயப்பேட்டைக்கோதான் வரவேண்டும் என்ற நிலையில் இருந்த பகுதிக்கு அதன் பொருள் பெரிது. திருவான்மியூரில் பழைய தியாகராஜா தியேட்டரை, அதன் பெயரையும் விடாமல், புதுப்பித்து எடுத்துக்கொண்டார்கள். இந்தக் குழுமம் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஒரு காலத்தில் விஜயா வாகினி ஸ்டூடியோ இருந்த வடபழனி மண்ணில் எழுந்த மாலில் ஒன்பது திரைகளோடு பலாஸ்ஸோ அமைந்தது. வேளச்சேரி பீனிக்ஸ் மாலில் 11 திரைகளோடு கட்டிய லக்ஸ் மட்டும் 2015இல் ஜாஸ் சினிமாஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் வசம் போயிற்று. சென்னைக்கு வெளியே கோவை புரூக்ஃபீல்ட்ஸ், நெல்லூர் என்று போய், கடைசியில் மும்பை பாந்த்ரா வரைக்கும் எட்டினார்கள்.

2018 ஆகஸ்டில், நாட்டின் பல நகரங்களில் மல்டிபிளெக்ஸ்களை நடத்தும் பி.வி.ஆர். நிறுவனம் எஸ்.பி.ஐ.யின் ஏறத்தாழ 72 விழுக்காட்டுப் பங்கை 633 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தபோது குழுமத்தின் கையில் 76 திரைகள் இருந்தன. ஒரு வீட்டுப் பெண்ணைத் தொலைவில் கட்டிக்கொடுப்பதைப் போலச் சென்னை அந்தச் செய்தியை வாங்கிக்கொண்டது. 'பாப்கார்ன் மாறிவிடுமா?' என்பதே சமூக ஊடகங்களில் பலரின் முதல் கேள்வியாக இருந்தது. 2023 பிப்ரவரியில் பி.வி.ஆரும் அதன் போட்டி நிறுவனமான ஐநாக்ஸும் இணைந்தபின், சத்யம் இப்போது 1,600க்கும் மேற்பட்ட திரைகளைக் கொண்ட நிறுவனத்தின் ஓர் அங்கம்.

இன்றைய நிலையை நேர்மையாகச் சொல்வதானால், கட்டடங்களின் தரமும் திரையின் துல்லியமும் ஒலியும் இன்னமும் சென்னையின் மேல்வரிசையிலேயே உள்ளன. பாப்கார்னும் பிழைத்துவிட்டது. குறைந்துபோனது அந்தத் தனி அடையாளம். முன்பதிவுச் செயலியில் தொடங்கி உணவுப் பட்டியல் வரை நாடு முழுவதற்குமான ஒரே சாயல் படிந்துவருகிறது. நொறுக்குத்தீனி விலையைப் பொறுத்தவரை, 2017இல் மல்டிபிளெக்ஸ் உச்சவரம்பு வரி நீங்கலாக 150 ரூபாயாக உயர்ந்த பிறகும், நால்வர் கொண்ட குடும்பம் இடைவேளையில் செலவிடும் தொகை டிக்கெட் செலவை எளிதாகத் தொட்டுவிடும். இது இந்தக் குழுமத்தின் தனிக்குறை என்று சொல்ல மாட்டேன், மல்டிபிளெக்ஸ் தொழிலே அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. ஆனால் டிக்கெட்டை மலிவாக வாங்கிவிட்டோம் என்ற நிம்மதியோடு உள்ளே போகிறவர்கள் அதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு என் பரிந்துரை இது. பெரிய நட்சத்திரத்தின் தமிழ்ப் படமென்றால் ராயப்பேட்டையின் பிரதான அரங்கான சத்யத்தையே தேர்ந்தெடுங்கள். கூட்டத்தின் கைதட்டலும் படத்தின் பகுதி என்று நினைப்பவர்களுக்கு அதற்கு ஈடு இல்லை. பிரம்மாண்டக் காட்சிகளுக்காகவே எடுக்கப்பட்ட ஆங்கிலப் படத்துக்கு ஐமேக்ஸ் என்ற மிகப்பெரிய திரை உள்ள பலாஸ்ஸோ பொருத்தம். மாலின் நெரிசலும் நகரும் படிகளும் இல்லாமல், தெருவிலிருந்து நேராக உள்ளே நுழைந்து படம் பார்த்துவிட்டு வீடு திரும்ப விரும்புகிறவர்கள் திருவான்மியூர் தியாகராஜாவுக்குப் போகலாம்.