ஆனாபானா: சில ஆண்டுகள் விடாமல் உட்கார்ந்து பார்த்ததில்

ஆனாபானா என்பது மூச்சு தானாக வருவதையும் போவதையும் கவனிக்கும் தியானம். இதைச் செய்தால் மனசு அமைதியாகிவிடுமா என்று நண்பர்கள் கேட்பார்கள். எண்ணங்கள் நிற்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கண்ணை மூடினால் ஜிஎஸ்டி ரிட்டர்ன், மகளின் ஸ்கூல் ஃபீஸ், நேற்று யாரோ சொன்ன ஒரு வார்த்தை என்று வரிசைகட்டி வரத்தான் செய்கின்றன. முன்பெல்லாம் ஓர் எண்ணத்தோடு கிளம்பினால், போனதே வெகுநேரம் கழித்துத்தான் தெரியும். இப்போது போன கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிடுகிறது. தெரிந்துவிட்டால் திரும்பி வந்துவிடலாம். எனக்குக் கிடைத்த பலன் இதுதான். சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் நாள் முழுக்க இது வேலை செய்கிறது.

நான் கற்றது விபாசனா தியானத்துக்கான பத்து நாள் முகாமில். பர்மாவின் மாண்டலேயில் 1924-இல் பிறந்த எஸ்.என். கோயங்கா, பர்மிய தியான ஆசிரியர் சயாஜி ஊ பா கின்னிடம் கற்று, 1969-இல் இந்தியா வந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய முறை இது. மகாராஷ்டிரத்தில் இகத்புரியில் பெரிய மையம் இருக்கிறது, சென்னைப் பக்கம் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது. கட்டணம் கிடையாது. முகாம் முடித்தவர்கள் விரும்பியதைக் கொடுக்கலாம். காலை 4 மணிக்கு மணி அடிக்கும். போன், புத்தகம், பேனா எதுவும் கையில் இருக்காது. பேச்சும் கிடையாது.

நான்காம் நாள்தான் விபாசனாவையே, அதாவது உடலில் எழும் உணர்வுகளைக் கவனிப்பதை, சொல்லித் தருவார்கள். அதுவரை ஆனாபானா மட்டும். மூச்சை இழு, அடக்கு, விடு என்று எதுவும் சொல்வதில்லை. பிராணாயாமம் பழகியவர்களுக்கு இங்கேதான் சிரமம், கை தானாக மூக்குக்குப் போகும். மந்திரமும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. மூச்சு தானாக வருகிறது, போகிறது, அதைப் பார்த்தால் போதும். முதலில் மூக்கும் மேலுதடும் சேர்ந்த முக்கோணப் பகுதியில் கவனம். பிறகு அந்த இடத்தைச் சுருக்கி, மூக்குத் துவாரத்துக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே மீசை வளரும் இடம் மட்டும். சில மணி நேரம் அங்கே ஒன்றுமே தெரியாது. அப்புறம் ஒரு தருணத்தில், உள்ளே போகும் காற்று லேசாகக் குளிர்ந்தும் வெளியே வருவது வெதுவெதுப்பாகவும் அந்தச் சின்ன இடத்தில் படுவது தெரியும். இடது துவாரத்தில் காற்று கூடுதலாகப் போகிறது, வலதில் குறைவு என்பதுகூடத் தெரியும். இத்தனை நாள் மூக்கு இங்கேதான் இருந்திருக்கிறது!

மனம் ஓடுவது தனிப்பட்ட குறை இல்லை என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்லலாம். 2010-இல் வெளியான அந்த ஆய்வில், ஹார்வர்டைச் சேர்ந்த மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2,250 பேரிடம் போன் வழியாக அவ்வப்போது, ‘இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா’ என்று கேட்டார்கள். ஏறக்குறைய 47 சதவீத நேரம் மனம் வேறெங்கோ இருந்தது. இனிமையானதை நினைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட, செய்யும் வேலையிலேயே மனம் வைத்திருந்தவர்களைவிட அதிக மகிழ்ச்சியாக இல்லையாம்.

எனக்கு வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது ஊரிலிருந்து அம்மா போன் செய்யும்போதுதான். கிணற்று மோட்டார் ரிப்பேர் கதையை அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருப்பார். ம்ம் கொட்டிக்கொண்டே மெயில் பார்ப்பது என் வழக்கம். ஒருநாள் மெயிலை மூடிவிட்டுக் கேட்டேன். மனம் ஆபீசுக்குப் போனது, திரும்பியது, மறுபடி போனது. நடுவில் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது காதில் விழுந்தது. “ஏம்மா, மாத்திரை போடுறியா?” என்றேன். “அது தீந்து போச்சுப்பா, நீ வர்றப்ப வாங்கிக்கலாம்னு இருந்தேன்” என்றார். அன்று மாலையே பக்கத்து வீட்டுத் தம்பியை அனுப்பி வாங்கிக் கொடுக்கச் சொன்னேன்.

வீட்டில் தொடர்வது பற்றி. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்பது கோயங்காஜி சொன்ன கணக்கு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதையே பிடித்துக்கொண்டால் மொத்தமாக விட்டுவிடுவோம் என்பது என் கருத்து. காலை உட்காருவதை மட்டும் நான் விடுவதில்லை, அரை மணி நேரமாவது. போனைக் கையில் எடுப்பதற்கு முன் உட்கார்ந்துவிட வேண்டும். ஒரு மெசேஜ் பார்த்துவிட்டு உட்கார்ந்தால் அதற்குப் பதில் எழுதுவதிலேயே நேரம் போய்விடும். மாலையில் வேலை முடிந்து, பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் கண்ணை மூடி மேலுதட்டைக் கவனிக்கிறேன். குரல் வழிகாட்டும் செயலிகள் எனக்கு ஒத்துவரவில்லை, மூச்சை விட்டுவிட்டுக் குரலைக் கேட்கத் தொடங்கிவிடுகிறேன். தொடக்கத்திலும் முடிவிலும் மணி அடிக்கும் டைமர் போதும்.

தூக்கம், கோபம் பற்றியும் கேட்பார்கள். தூக்கம் சீக்கிரம் வருகிறது. கோபம் வருகிறது, ஆனால் வருவது முன்கூட்டியே மூச்சில் தெரிகிறது.

முகாமுக்குப் போக நினைப்பவர்களுக்கு: மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கடும் மனச்சோர்வில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம். நாள் முழுக்க மௌனமாக உட்காருவது சிலருக்குச் சிரமத்தைக் கூட்டிவிடும். விண்ணப்பத்தில் உடல்நலம், மனநலம் பற்றிக் கேட்பார்கள், எதையும் மறைக்காமல் எழுதுங்கள். முழங்கால் வலி இருந்தால் அதையும் அங்கேயே குறிப்பிட்டுவிடுங்கள், நாற்காலியில் உட்கார்ந்து செய்யலாம்.