பழைய டபிள்யூஆர்எக்ஸுக்கு எஸ்டிஐ அப்-பைப்: முதலில் மாற்ற வேண்டியது இதுதான்

அமெரிக்காவில் 2002 முதல் 2005 வரை விற்ற சுபாரு டபிள்யூஆர்எக்ஸில், ஈஜே205 என்ற 2 லிட்டர் டர்போ இன்ஜினின் மூச்சை முதலில் பிடிப்பது சைலன்சர் அல்ல, அப்-பைப். இன்ஜினின் புகையைச் சேர்க்கும் மேனிஃபோல்டிலிருந்து டர்போவுக்கு ஏறும் இந்தக் குழாய்க்குள்ளேயே, புகையைச் சுத்திகரிக்கும் ஒரு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை (சுருக்கமாக கேட்) வைத்திருக்கிறார்கள். டர்பைனைச் சுழற்ற வேண்டிய அழுத்தமும் சூடும் அங்கேயே குறைந்துவிடுகின்றன. பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றழுத்தம், தாமதமாக ஏற இது ஒரு முக்கியக் காரணம்.

அதைவிடக் கவலைப்பட வேண்டியது, வயதான கேட் உடைவது. உள்ளே இருக்கும் தேன்கூடு நொறுங்கினால் துண்டுகள் நேராக டர்பைன் இறக்கைகளில் போய் மோதும், டர்போவே போய்விடும். டபிள்யூஆர்எக்ஸின் உயர்திறன் வகையான எஸ்டிஐயின் அப்-பைப்பில் கேட் கிடையாது. 2006-இல் 2.5 லிட்டர் இன்ஜின் வந்தபோது டபிள்யூஆர்எக்ஸின் அப்-பைப்பிலும் கேட்டை எடுத்துவிட்டார்கள். எஸ்டிஐ அப்-பைப் கம்பெனி பாகம் என்பதால் அதன் ஃபிளாஞ்ச் (இணைப்பு விளிம்பு) பிசகில்லாமல் உட்காருகிறது. பெல்லோஸ் (வளையக்கூடிய மடிப்புப் பகுதி) வைத்த மலிவான குழாய்களில் அந்த மடிப்பு விரிசல் விட்டுக் கசிவதுண்டு. அந்த வகையைத் தவிர்ப்பதே நல்லது.

பொருத்தும் வேலைக்குப் பொறுமை வேண்டும். முந்தைய நாளே எல்லா ஸ்டட்களிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் டவுன்பைப்பின் 5 நட்டுகளைக் கழற்றி, டர்போவைத் தளர்த்தித் தூக்கினால்தான் அப்-பைப்பின் மேல் ஃபிளாஞ்ச் கைக்கு எட்டும். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள். பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டாகப் புதிதாக வாங்குங்கள். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் திருகி, பிறகு டர்போ பக்கம், அடுத்து கீழ்ப்பக்கம், கடைசியில் பிராக்கெட் என்று இறுக்க வேண்டும். பிராக்கெட்டை முதலில் இறுக்கினால் குழாய் கோணலாக நின்று கேஸ்கெட் கசியும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் டிக்-டிக் சத்தம், இணைப்பில் கரிப்படிவு, முன்பைவிடச் சோம்பலான பூஸ்ட், இவற்றில் எது தெரிந்தாலும் கசிவைத் தேடுங்கள்.

பழைய குழாயில் வெப்பநிலை சென்சார் ஒன்று இருக்கும். அதைக் கழற்றி விட்டால் செக் இன்ஜின் விளக்கு எரியும். சென்சார் கனெக்டரில் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் சால்டர் செய்து, சூட்டிலிருந்து தள்ளிக் கட்டுவது வழக்கமான தீர்வு.

இதனால் டைனோவில் (திறனை அளக்கும் கருவி) பெரிய குதிரைத்திறன் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கிடைப்பது சீக்கிரம் விழிக்கும் டர்போ. அப்-பைப் மட்டும் என்றால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவில் கம்பெனி போட்ட ஸ்டாக் ட்யூனே பெரும்பாலும் சமாளிக்கும். அதோடு 3 அங்குல டவுன்பைப்பும் போட்டால் கதை வேறு. டர்பைனுக்குப் பின்னால் அடைப்பு குறையும்போது, காரோடு வந்த டிடி04 டர்போவின் சிறிய வேஸ்ட்கேட் (டர்பைனைத் தவிர்த்து வாயுவை வெளியே விடும் கதவு) துளையால் உபரி வாயுவை வெளியேற்ற முடியாது. உயர் ஆர்பிஎம்மில் பூஸ்ட் தானாக ஏறி, ஈசியூ எரிபொருளை வெட்டும். கலவை மெலிந்தால் பிஸ்டனுக்கே ஆபத்து. வேஸ்ட்கேட் துளையைப் பெரிதாக்காமலும் ஈசியூவை ட்யூன் செய்யாமலும் அந்தக் காரை விரட்டாதீர்கள்.

கேட்டை நீக்குவது அமெரிக்கக் கூட்டாட்சி மாசுக்கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு எதிரானது. ஆகவே டிராக்கில் மட்டும் ஓடும் காருக்கே இதைப் பரிந்துரைக்கிறோம். சாலையில் ஓட்டுபவர்கள் கேட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் நிலையைச் சோதித்து, நொறுங்கத் தொடங்கியிருந்தால் கேட் உள்ள புதிய அப்-பைப்பையே போடட்டும்.