தூண்டில் குளத்தில் எவ்வளவு மீன் விடுவது? மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோருக்கென்று பராமரிக்கப்படும் நீர்நிலையில் எவ்வளவு மீன் இருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அங்கே வருவோரின் எதிர்பார்ப்புதான் தீர்மானிக்கிறது. கட்டணம் செலுத்தியவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று நினைப்பதில் தவறில்லை. ஆனால் அதற்காக ஏற்படும் நெருக்கடியை அனுபவிப்பது மீன் என்பதால், இது வியாபாரக் கணக்கோடு முடிகிற விஷயமல்ல. நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன: ஒன்று, மீனை நெருக்கமாக இருப்புச் செய்து, பிடித்ததைத் திரும்பத் தண்ணீரிலேயே விடச் சொல்வது; இரண்டு, பண்ணையில் வளர்ந்த மீனை விட்டு, பிடித்தவரே எடுத்துச் செல்ல வைப்பது; மூன்று, எதையுமே விடாமல், தண்ணீரில் தானாகப் பெருகுவதோடு நிறுத்திக்கொள்வது.

முதல் வழியை நிறையப் பேர் விரும்புவதற்குக் காரணம், தக்கை ஓயாமல் அமிழ்ந்துகொண்டே இருப்பதுதான். அந்த ஓயாமைக்குப் பின்னால் இருப்பது பசி. குளத்தின் இயற்கை இரை பங்கிட்டுப் போதாதபோதுதான் கெண்டை எந்த இரையையும் யோசிக்காமல் கவ்வுகிறது. வயிறு நிறைந்த மீன்கள் உள்ள குளம் உரிமையாளருக்கு நட்டம் என்றால், அந்த ஏற்பாட்டின் அடிப்படையிலேயே ஏதோ கோணல் இருக்கிறது. அடுத்தது ஆக்சிஜன். 10 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 பாகையில் அது சுமார் 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். தண்ணீர் சூடேற ஏற மீனின் தேவை கூடுகிறது, கிடைப்பதோ குறைகிறது. பகலில் ஆக்சிஜனை வெளியிடும் பாசி இரவில் அதையே உறிஞ்சிக்கொள்வதால், விடியலுக்குச் சற்று முன்புதான் குளம் மிகவும் திணறுகிறது. மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதை அந்நேரத்தில் பார்க்கலாம். காற்றூட்டும் கருவிகளை ஓடவிட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். கருவி இல்லாமல் ஓர் இரவைக்கூடத் தாங்காத இருப்பை, அந்தத் தண்ணீருக்கு உரிய இருப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இத்தகைய குளத்துக் கெண்டையைக் கையில் எடுத்து வாயோரத்தைப் பார்த்தால் மீதி விஷயம் புரியும்: தூண்டில் முள் கிழித்து ஆறிய தழும்பு, அதன்மேல் புதிய கிழிசல், சில மீன்களில் உதட்டின் ஒரு பக்கமே இழுபட்டுக் கோணியிருக்கும். வலையில் உரசி வழுவழுப்பு நீங்கிய இடங்களில் பூஞ்சை பிடிக்கிறது. நெருக்கத்தில் நோயும் விரைந்து பரவும். 1990களின் இறுதியில் கண்டறியப்பட்ட கோய் ஹெர்பிஸ் வைரஸ் கெண்டைகளைக் கூட்டமாகக் கொல்லக்கூடியது. பிழைத்தவை அதைச் சுமந்து திரியலாம்.

இரண்டாவது வழி கேட்பதற்குக் கொடூரமாகத் தோன்றினாலும், ஒரு மீனுக்கு ஒரே முறைதான் முள் என்பதால், மீனின் பக்கம் நின்று பார்த்தால் இதுவே நேர்மையானது. விட்டுவிடும் எண்ணத்தோடே மீன் பிடிப்பதைச் சுவிட்சர்லாந்தின் விலங்குப் பாதுகாப்பு விதிகள் தடை செய்வதும் இந்த நியாயத்தின்படியே. இதன் சிக்கல் பண்ணையிலும் ஆற்றிலும் இருக்கிறது. தொட்டியில் நெருங்கி வளர்ந்ததால் துடுப்பு தேய்ந்த மீன்கள்தான் பல இடங்களில் விடப்படுகின்றன. அவற்றை ஆற்றில் விட்டால் காட்டு மீன்களோடு இனம் கலக்கும். இங்கிலாந்தில் 2015 முதல் ஆறுகளில் விடப்படும் பண்ணை பழுப்பு டிரவுட் (குளிர்ந்த நீரில் வாழும் ஒரு மீன்), பொதுவாக இனப்பெருக்கம் செய்ய இயலாத, மூன்று தொகுதி குரோமோசோம் கொண்டதாக இருக்க வேண்டும் என்றும், இல்லையேல் அந்த ஆற்றின் தாய்மீன்களிலிருந்தே வளர்த்தெடுக்கப்பட வேண்டும் என்றும் விதி வந்தது இதனால்தான்.

மூன்றாவது வழிக்கு அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தின் மேடிசன் ஆறு வலுவான சான்று. பண்ணை டிரவுட் விடுவதை நிறுத்திய பகுதியில் காட்டு டிரவுட் பெருகியது. புதிதாக விடத் தொடங்கிய அருகிலுள்ள ஓடையில் அது குறைந்தது. இதைக் கண்ட மாநில நிர்வாகம், காட்டு டிரவுட் தாமே வாழக்கூடிய ஆறுகளில் இருப்புச் செய்வதை 1974இல் கைவிட்டது. உதவியென்று விட்டது இருந்ததையும் கெடுத்தது.

எனினும், எண்ணிக்கை குறைந்தாலே மீனின் பாடு குறையும் என்று சொல்லிவிட முடியாது. பெரிய மீன் சிலவே உள்ள ஏரியில் எல்லோரும் அவற்றையே குறிவைக்கிறார்கள். இங்கிலாந்தின் புளூபெல் ஏரிகளில் 2009இல் இறந்த, சுமார் 29 கிலோ எடையுள்ள பென்சன் என்ற கெண்டை, அதுவரை 60 முறைக்கு மேல் பிடிபட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. முட்டையிட இடமில்லாத தோண்டிய குளங்களுக்கும் மூன்றாவது வழி பொருந்தாது.

ஆகவே, ஓடும் நீருக்கு மூன்றாவது வழியையும், மூடிய குளத்துக்கு இரண்டாவதையும் நான் தேர்வேன். கோடையின் மிகச் சூடான வாரத்தில், விடியற்காலை ஆக்சிஜன் அளவு எவ்வளவு மீனைத் தாங்குமோ அதுவே குளத்தின் உச்ச வரம்பு. ஏற்கெனவே நெருக்கியடித்த குளமானால், தண்ணீர் குளிர்ந்திருக்கும் மாதங்களில் வலையிட்டுக் குறைக்கலாம். எடுத்த மீனை நோய்ச் சோதனை இல்லாமல் இன்னொரு குளத்துக்கு விற்பது மட்டும் கூடாது.