கையெழுத்திட்டவர்களும் மறுத்தவர்களும்: பிலடெல்பியாவின் வெண்கல மண்டபம்

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் 1787 செப்டம்பர் 17 அன்று கையெழுத்திட்ட தலைவர்களை அறிய விரும்புவோர், பிலடெல்பியாவின் ஆர்ச் தெருவில் உள்ள தேசிய அரசமைப்பு மையத்துக்குச் சென்று, அங்குள்ள கையெழுத்திட்டோர் மண்டபத்தை அவசரமில்லாமல் பார்க்க வேண்டும். 2003 ஜூலை 4 அன்று திறக்கப்பட்ட இம்மையத்தில் வேறு காட்சிக்கூடங்களும் உண்டு; என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது இந்த ஓர் அறைதான்.

இங்கே 42 ஆளுயர வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. அவை உயர்ந்த பீடங்களில் இல்லாமல் தரையிலேயே நிற்பதால், நாம் அவர்களிடையே நடந்து, முகத்தோடு முகம் பார்க்க முடிகிறது. ஆறடிக்கு மேல் வளர்ந்த வாஷிங்டனைக் கண்டுவிட்டு, ஐந்தடி நான்கு அங்குலமே இருந்த மேடிசனிடம் வரும்போது, அந்த மெலிந்த மனிதரா இச்சட்டத்தை வகுத்த மாநாட்டின் இத்தனை பெரிய விவாதத்துக்கு அடித்தளம் அமைத்தார் என்ற வியப்பு எழுகிறது. 81 வயதான பிராங்கிளின் கைத்தடியுடன் அமர்ந்திருக்கிறார். மாநாட்டின் இறுதி நாளில் அவர் எழுதிவந்த உரையைத் தாமே வாசிக்கும் வலு இல்லாததால், சக பிரதிநிதி ஜேம்ஸ் வில்சன்தான் அதைச் சபையில் வாசித்தார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இருவரையும் பாருங்கள். சட்டத்தின் இறுதி வாசகத்தைச் செதுக்கிய கூவர்னூர் மோரிஸின் மரக்காலைச் சிற்பிகள் மறைக்கவில்லை. அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனாலும் இம்மண்டபத்தின் உண்மையான சிறப்பு, கையெழுத்திட்ட 39 பேரோடு, கடைசிவரை இருந்தும் கையெழுத்திட மறுத்த ஜார்ஜ் மேசன், எட்மண்ட் ராண்டால்ப், எல்பிரிட்ஜ் ஜெரி ஆகிய மூவருக்கும் இடம் தந்திருப்பதுதான். இந்தச் சட்டத்தில் கையெழுத்திடுவதைவிடத் தம் வலக்கையையே வெட்டிக்கொள்வேன் என்று கூறியவர் மேசன். குடிமக்களின் உரிமைகளைப் பட்டியலிடும் பகுதி இல்லை என்பது அவருடைய முக்கியமான ஆட்சேபம். 1791இல் முதல் பத்துத் திருத்தங்களாக அது சேர்க்கப்பட்டது. ராண்டால்பின் கதை வேறு: அன்று மறுத்த அவரே, மறு ஆண்டு தம் மாநிலமான வர்ஜீனியாவில் இச்சட்டத்தை ஏற்கும் ஒப்புதலுக்கு ஆதரவாக நின்றார்.

சிலைகள் ஒரே ஒரு நாளைத்தான் காட்ட முடியும் என்பதைப் பார்வையாளர் மறந்துவிடக் கூடாது. கையெழுத்திட்டோரில் ஒருவரும், அமெரிக்கப் புரட்சிப் போருக்குப் பணம் திரட்டியவருமான ராபர்ட் மோரிஸ், நில வணிகத்தில் நொடித்து, 1798 முதல் 1801 வரை கடனாளிச் சிறையில் கிடந்தார். உச்ச நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்த வில்சனோ, கடன் கொடுத்தவர்களுக்கு அஞ்சி ஊர் ஊராக அலைந்து, 1798இல் வட கரோலினாவில் இறந்தார். வாஷிங்டன், மேடிசன், மேசன் உட்படப் பலர் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர்கள். மனித உரிமையைப் பற்றிப் பேசிய அவர்களை இந்த உண்மையோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வாய்ப்பிருந்தால், அருகிலுள்ள சுதந்திர மண்டபத்தை முதலில் பாருங்கள். கையெழுத்து நடந்த அறையையும், வாஷிங்டன் அமர்ந்த, உதிக்கும் சூரியன் பொறித்த நாற்காலியையும் கண்டபின் இங்கு வந்தால், சிலைகளின் இருப்பு இன்னும் நன்றாக விளங்கும். பிறகு இரண்டாம் தெருவிலுள்ள கிறிஸ்து ஆலயத்துக்கும் செல்லுங்கள்; ராபர்ட் மோரிஸும், 1906இல் மீண்டும் அடக்கம் செய்யப்பட்ட வில்சனும் அங்கேதான் இருக்கிறார்கள்.